நாலரைக் கட்டை

வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் ஒன்று, கூப்பிட்ட பெயர் ‘பின்பாட்டு’. அக்காவுக்கு மூன்று வயது இளையவள். பேச வந்த நாளிலிருந்து அக்கா எதைச் சொன்னாலும் இவள் அதைத் திருப்பிச் சொல்வாள். “பசிக்குது” என்று அக்கா சொன்னால், அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவியவளும் “பசிக்குது” என்பாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்து அந்தப் பெயரை வைத்தார். சிரிப்பு அன்றோடு போயிற்று. பெயர் ஐம்பத்தைந்து வயதிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்பா பெயிண்ட் கிடங்கில் சரக்குக் கணக்கு பார்த்தவர். வேலை முடிந்து வந்து எத்தனை சோப்பு போட்டாலும் கையில் டர்பன்டைன் வாசனை போகாது. பாட்டு என்றால் உயிர், ஆனால் அவர் வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்திக்கொள்ளும். “எனக்குக் காது மட்டும்தான் கொடுத்து வெச்சது. வாய் என் பொண்ணுங்களுக்கு” என்பார். மூடிப்போன பள்ளிக்கூடம் ஒன்றின் சாமான்களோடு வந்த பழைய ஆர்மோனியம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதன் வெள்ளைக் கட்டை, கறுப்புக் கட்டை ஒவ்வொன்றிலும், கிடங்கில் டின்களுக்கு ஒட்டும் சீட்டில் எண் எழுதி ஒட்டினார். ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை என்று வரிசையாக. அக்காவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. இவளுக்கு ஒன்பது.

சனிக்கிழமை காலையில் வாத்தியார் வந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. முதல் நாள் பாட்டே சொல்லித் தரவில்லை. ஆர்மோனியத்தைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டு பேசினார்.

“ஸ்வரம் ஏழு. அதுல ஸாவும் பாவும் ஆடாது அசையாது. மத்த அஞ்சும் ஒவ்வொண்ணும் ரெண்டு ரெண்டு இடத்துல வரும். ஒண்ணு தாழ்ந்தது, ஒண்ணு உயர்ந்தது. ஆக மொத்தம் பன்னெண்டு இடம். இருக்கிற ராகமெல்லாம் இந்தப் பன்னெண்டு இடத்துலதான் குடித்தனம் பண்ணுது. ஒரு ராகம் ஏழு ஸ்வரத்தையும் வெச்சுக்கும், இன்னொண்ணு அஞ்சே போதும்னு இருக்கும். சங்கராபரணத்துல ம ஒண்ணை மட்டும் உயர்த்திப் பாரு, கல்யாணி வந்து நிக்கும்.”

“ஸா எந்தக் கட்டை சார்?” என்று அக்கா கேட்டாள்.

“அதுதான் விஷயமே. ஸாவுக்குன்னு ஒரு கட்டை கிடையாது. நீ எங்க நின்னா வலிக்காம மேலயும் போகலாம், கீழயும் வரலாமோ, அதுதான் உன் ஸா. ஆளுக்கு ஆள் வேற.”

“ஆளுக்கு ஆள் வேற” என்றாள் சின்னவள். வாத்தியாரும் சிரித்துவிட்டார்.

அக்காவைப் பாடச் சொல்லி ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தார். ஆறு கட்டையில் அவள் குரல் வெண்கலப் பாத்திரத்தில் தட்டினாற்போல் கணீரென்று நின்றது. அடுத்துச் சின்னவள். ஆறில் கத்தினாள், ஐந்தில் முக்கினாள். நாலரையில் அந்த ஒன்பது வயதுக் குரல் அறையை நிறைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தது. வாத்தியார் கட்டையிலிருந்து விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பெரியவளுக்கு ஆறு. சின்னவளுக்கு நாலரை. தனித்தனியா சொல்லிக் கொடுத்துடலாம்.”

அப்பாவின் முகம் சுருங்கியது. “என்ன சார் இப்படிச் சொல்றீங்க? ரெண்டு பேரையும் சேர்த்து மேடையில உட்கார வைக்கணும்னுதானே இத்தனை பாடு? தனியா பாட ஆயிரம் பேர் இருக்காங்க. அக்கா தங்கைன்னா ஜனங்க திரும்பிப் பார்ப்பாங்க.”

“சேர்ந்து பாடணும்னா ஒரே சுருதிதான் வைக்க முடியும். யாராவது ஒருத்தர் விட்டுக் கொடுக்கணும்.”

“சின்னவ ஏறி வந்துடுவா” என்றார் அப்பா. “வளர்ற பொண்ணுதானே.”

“வளர்றது உயரம் சார். தொண்டை அப்படி இல்ல.”

வாத்தியார் மறுபடி ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு சம்பளம் கொடுப்பவர் பேச்சுக்குத் தலையாட்டினார். தம்புராவை ஆறு கட்டைக்குச் சேர்த்தார்கள். அன்றிலிருந்து முப்பத்திரண்டு வருடம், சேர்ந்து பாடும்போது அது இறங்கவில்லை.

சின்னவளும் ஏறித்தான் வந்தாள். உழைத்தால் வராதது உண்டா? மற்றவர்கள் நடந்து போகும் இடத்துக்கு இவள் மாடிப்படி ஏறிப் போவாள், அவ்வளவுதான். பதினெட்டு வயதில் முதல் பெரிய மேடை. அதன் பிறகு வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு. அப்பா வேலையை விட்டுவிட்டு மகள்களின் தேதிகளைப் பார்த்துக்கொண்டார்.

பாட்டில் ஒரு பங்கீடு தானாகவே ஏற்பட்டது. ராகத்தின் மேல்பகுதி முழுக்க அக்காவுடையது. கீழே இறங்கும்போது அக்காவின் குரல் நீர் வற்றிய குழாய்போலக் காற்றுவிடும், அதனால் கீழ்பகுதி இவளுக்கு. ஆனால் கைத்தட்டல் எப்போதும் மேல் ஸாவில்தான் விழும். பாட்டுகளை இரண்டு பேரும் சேர்ந்தேதான் பாட வேண்டும், அங்கே பங்கீடு கிடையாது. மேல் பஞ்சமம், அந்த உச்சிப் பா, வரும் இடத்தில் இவள் கழுத்து நரம்பு புடைத்து நிற்கும். முன்வரிசையில் உட்கார்ந்த பெண்மணி ஒருத்தி ஒருநாள் வந்து, “நீங்க பாடும்போது பார்த்தா எனக்குத் தொண்டை வலிக்குது” என்றாள். பாராட்டா பழிப்பா என்று தெரியாமல் இவள் நன்றி சொல்லிவைத்தாள். கச்சேரி முடிந்த மறுநாள் யாரோடும் பேச மாட்டாள். வெந்நீர் பிளாஸ்க்கும் கையுமாக உட்கார்ந்திருப்பாள். வீட்டில் அதை ‘கர்வம்’ என்றார்கள்.

இருபத்தெட்டு வயதில் ஒரு கச்சேரி. அக்கா அன்று மோகனத்தை எடுத்துக்கொண்டாள். ஐந்தே ஸ்வரம் கொண்ட ராகம், ஸ ரி க ப த. மேலே சஞ்சாரம் செய்து முடித்து, வழக்கம்போல் கீழ்ப்பகுதியைத் தங்கையிடம் விட்டாள். இவள் இறங்கி இறங்கிக் கீழ் தைவதத்தில், அந்த ‘த’வில், வந்து நின்றாள். அக்காவின் ஆறு கட்டை சுருதியில் கீழ் தைவதம் எங்கே விழுகிறதோ, அதுதான் சரியாக நாலரைக் கட்டை. அங்கே வந்தால் இவளுக்கு எப்போதுமே, வெளியூரெல்லாம் அலைந்துவிட்டு வந்து சொந்தக் கட்டிலில் காலை நீட்டினாற்போல் இருக்கும். அன்று எழுந்திருக்க மனம் வரவில்லை. அந்தத் தைவதத்தையே ஸாவாக நினைத்துக்கொண்டு, அங்கிருந்தே அதே ஐந்து ஸ்வரங்களையும் பாடினாள். ஸ்வரம் ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் உட்காரும் இடம் மாறிவிட்டதால் மோகனம் போய்விட்டது. அதே ஐந்து ஸ்வரம் சுத்த தன்யாசி என்ற வேறு ராகமாகி, கொஞ்சம் துக்கம் பூசிக்கொண்டு எழுந்து வந்தது. வயலின்காரர் நிமிர்ந்து பார்த்தார், புரிந்துகொண்டார், வில்லை மெதுவாக்கிப் பின்னாலேயே வந்தார். கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் “ஆகா” என்றார்கள். அரை நிமிடம் இருக்கும். இவள் வாழ்நாளில் மேடையில் தன் குரலில் பாடியது அவ்வளவுதான்.

அக்கா மேல் ஸாவைப் பிடித்து உள்ளே நுழைந்து, ராகத்தை மறுபடி மோகனத்துக்கே இழுத்துக்கொண்டு போனாள்.

கச்சேரி முடிந்து உடை மாற்றும் அறைக்கு வந்ததும் கதவைச் சாத்தினாள். “என்னடி பண்ணே? என் மோகனத்தைக் குட்டிச்சுவர் ஆக்கிட்டியே!”

“ஒரு நிமிஷம்கூட இல்லக்கா. தோணுச்சு, பாடினேன்.”

“தோணினா வீட்டுல பாடு. மேடையில நான் விட்ட இடத்துலேருந்து பாடு.”

அடுத்த வாரம் பத்திரிகையில் விமர்சனம் வந்தது. ‘மூத்த சகோதரி ஆதார ஸ்வரத்தை நகர்த்தி, மோகனத்துக்குள்ளிருந்தே இன்னொரு ராகத்தின் சாயலைக் காட்டிய இடம் அபாரம். இளையவர் வழக்கம்போல் நன்கு ஒத்துழைத்தார்’ என்று எழுதியிருந்தார்கள். அப்பா அதை வெட்டி ஆல்பத்தில் ஒட்டினார். இவள் அக்காவைப் பார்த்தாள்.

“பத்திரிகைக்காரன் தப்பா போட்டா நான் என்னடி பண்ணட்டும்?” என்றாள் அக்கா. அதுவும் நியாயம்தான். திருத்தச் சொல்லி ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம் என்பது மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுவருடம் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் இன்னொன்று நடந்தது. அக்காவுக்குத் தலைவலி, மதியம்தான் வருவாள் என்று செய்தி வந்தது. மைக்கைச் சரிபார்க்க வேண்டும், ஏதாவது பாடுங்கள் என்றார் ஒலிப்பதிவாளர். அவளுக்கு ஒத்த வயதுக்காரர், அதிகம் பேசாதவர். “அப்போ தம்புராவைக் கொஞ்சம் இறக்கிக்கட்டுமா?” என்று இவள் கேட்டாள். நாலரைக்கு இறக்கிப் பத்து நிமிடம் பாடினாள். முடித்து நிமிர்ந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் இயந்திரத்தைப் பார்க்காமல் இவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்துகொண்டு வந்தார். “மூணு வருஷமா உங்க ரெண்டு பேரையும் பதியறேன். இந்தக் குரலை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?”

“ஒளிக்கல. சுருதி வேற.”

“தனியா ஒரு கேசட் போடலாம். கம்பெனிக்காரங்ககிட்ட நான் பேசறேன். நீங்க சரின்னு சொன்னா போதும்.”

சரி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இவள் சொன்னது, “அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன்.”

அந்த ஒரு வாக்கியத்துக்காகப் பிற்பாடு அவள் தன்னையே எத்தனை முறை செருப்பால் அடித்துக்கொண்டிருப்பாள் என்று கணக்கில்லை. அக்கா தடுக்கவில்லை. “உனக்கு வேணும்னா போ, உன் இஷ்டம். நான் என்ன உன்னைக் கட்டியா வெச்சிருக்கேன்?” என்றாள். பிறகு மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். நான்காம் நாள் இவளே, “வேணாம்னு சொல்லிடறேன்” என்றாள். வீடு பழையபடி பேச ஆரம்பித்தது. அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டுப் பார்க்கலாமா என்று ஒலிப்பதிவாளரிடம் பிறகொரு நாள் கேட்டாள். சங்கடப்பட்டார். “சரிபார்க்கப் பாடினதுதானேன்னு அது மேலயே அடுத்ததைப் பதிஞ்சுட்டாங்க” என்றார். அந்தக் கேள்விக்கு முன்பும் பின்பும் அவர் வேறெதுவோ கேட்க நினைத்ததுபோல் இருந்தது. கேட்கவில்லை. அவளுக்குக் கல்யாணம் பேசிவந்த ஒன்றிரண்டு இடங்களும் கச்சேரித் தேதிகளுக்கு இடையில் நழுவிப்போயின. அக்காவுக்கு மட்டும் ஒரு விடுமுறை மாதத்தில் கல்யாணம் நடந்தது.

நாற்பத்தொன்றாம் வயதில் ஒரு பாட்டின் நடுவில் அவள் குரல் நின்றது. வாய் திறந்திருந்தது, காற்று மட்டும் வந்தது. அக்கா தனியாகப் பாடி முடித்தாள்.

தொண்டை மருத்துவர் ஒரு பெண்மணி. குழாயை விட்டுப் பார்த்துவிட்டுத் திரையில் காட்டினார். “கடப்பாரை பிடிச்சவன் கையில காய்ச்சிருக்குமே, பார்த்திருக்கீங்களா? அது மாதிரி குரல் நாண்ல காய்ச்சிருக்கு. எத்தனை வருஷமா சக்திக்கு மீறி உயரமா பாடறீங்க?”

“முப்பத்திரண்டு.”

மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். “ஒருத்தர்கூடச் சொல்லலையா?”

சொன்னவர் ஒருவர் இருந்தார். அவர் இறந்து வருடங்கள் ஆகியிருந்தன.

அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் பேசக்கூடாது என்றார்கள். வேண்டியதையெல்லாம் நோட்டில் எழுதிக் காட்டினாள். அப்பா கட்டிலருகில் வந்து உட்கார்ந்து பெருமூச்சுவிட்டார். “வெளிநாட்டு டூர் வர்ற நேரத்துலதானா இது வரணும்? இன்னும் ஒரு வருஷம் தாங்கியிருக்கக் கூடாதா?” அவள் பேனாவை எடுத்தாள். எதுவும் எழுதாமல் மூடிவைத்தாள். அப்பா அதற்கடுத்த வருடம் போய்ச் சேர்ந்தார், டூரைப் பார்த்துவிட்டு.

பேச்சு திரும்பி வந்தது, கரகரவென்று. பாட்டு வரவில்லை. அக்கா முதல் நான்கைந்து கச்சேரிகளில் “தங்கச்சிக்கு உடம்பு சரியில்ல” என்று மேடையில் சொன்னாள், பிறகு சொல்வதை விட்டுவிட்டாள். “சும்மா வீட்டுல உட்கார்ந்து என்ன பண்ணப்போறே? பின்னால உட்கார்ந்து தம்புரா போடு” என்று கூப்பிட்டாள். அக்காவின் மனதில் அது தயவு. இவளும் போனாள். பதினான்கு வருடம் அக்காவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நான்கு தந்திகளை மீட்டினாள். வயிற்றுப்பாட்டுக்கு ஒரு சமூகக்கூடத்தில் ‘ஸ்வரமும் ராகமும்: ஓர் அறிமுகம்’ என்று பெரியவர்களுக்கு மாலை நாலு மணி வகுப்பு எடுத்தாள். ஓய்வு பெற்றவர்கள், ஷிப்ட் முடிந்து வரும் நர்ஸ், ஒரு தையல்காரர். ஆர்மோனியத்தில் காட்டித்தான் சொல்லிக்கொடுப்பாள். யாராவது, “நீங்க ஒரு தடவை பாடிக் காட்டுங்களேன் டீச்சர்” என்பார்கள். “என் குரலுக்கு லீவு” என்பாள். சிரிப்பார்கள். புதிதாகச் சேரும் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பாடவைத்து, அவரவர் ஸா எது என்று நோட்டில் எழுதிக்கொடுக்காமல் முதல் பாடத்தைத் தொடங்க மாட்டாள். இதற்கே இரண்டு வகுப்பு போகிறது என்று தையல்காரர் குறைப்பட்டதுண்டு.

வயது யாரை விட்டது? அக்காவுக்கு ஐம்பது தாண்டியதும் மேல் ஸா நடுங்க ஆரம்பித்தது. ஆறு ஐந்தரையானது, ஐந்தானது. ஐம்பத்தெட்டில், சனிக்கிழமைக் கச்சேரிக்கு மூன்று நாள் இருக்கும்போது, காலை பத்து மணிக்குத் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துகொண்டு அக்கா சொன்னாள். “அஞ்சும் முடியலடி. நாலரைக்கு இறக்கு, பார்க்கலாம்.”

இவள் பிருடையைத் திருகித் தந்தியைத் தளர்த்தினாள். நாலரையில் சேர்ந்ததும் உள்ளங்கையில் அந்த அதிர்வு ஏறியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். மேலே நோகாமல் போனாள், கீழே குழையக் குழைய வந்தாள். நிறுத்தியபோது முகம் பூரித்துப்போயிருந்தது.

“ஐயோ, எவ்வளவு சுகமா இருக்கு! இந்த சுருதி இத்தனை வருஷம் எங்கடி போயிருந்துச்சு?”

“எங்கயும் போகல. என் தொண்டையிலதான் இருந்துச்சு.”

“என்ன சொல்றே?”

இவள் தந்திகளைக் கையால் அமுக்கி நிறுத்தினாள். “எனக்கு நாலரைன்னு வாத்தியார் சொன்னார். நீயும் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தே.”

“எனக்கு ஞாபகமே இல்ல.”

“உனக்கு எதுக்கு ஞாபகம் இருக்கணும்? உன் தொண்டையா போச்சு?”

“அப்பா முடிவு பண்ணினதுக்கு நான் என்ன பண்ணுவேன்? நானும் சின்னப் பொண்ணுதானே அப்போ?”

“அப்போ சின்னப் பொண்ணு. முப்பத்தஞ்சு வயசுலயுமா? ஒரே ஒரு கச்சேரிக்கு, அரைக் கட்டை இறக்கலாமாக்கான்னு கேட்டேன். எனக்கு அன்னிக்கு ஜுரம். நீ என்ன சொன்னே தெரியுமா? ‘ஜனங்க வர்றது என் மேல் ஸாவைக் கேக்க. உன் ஜுரத்தைக் கேக்க இல்ல.’ ” கரகரத்த குரல் அதற்குமேல் ஏறவில்லை. “கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் பண்றேக்கா. அதுவும் என் கண்ணு.”

அக்கா அழுதாள். நாடகம் இல்லை, நிஜமாகவே தோள் குலுங்க அழுதாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, இவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். முதுகைத் தடவிக் கொடுத்தாள். “சரி விடு, ரத்த அழுத்தம் ஏறிடப்போகுது” என்று சமாதானம் சொன்னதும் இவள்தான். நாற்பத்தாறு வருடமாகச் சேர்த்துவைத்ததைச் சொன்ன அன்றும், தேற்றும் வேலை தன் தலையில்தான் வந்து விழுந்தது என்பது டம்ளரைத் திரும்ப வாங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “சரி, சனிக்கிழமை அஞ்சு மணிக்குக் கார் அனுப்பறேன். தம்புரா நாலரையிலேயே இருக்கட்டும்.”

சனிக்கிழமை கார் வந்தது. “வரலைன்னு சொல்லுங்க” என்று டிரைவரிடம் சொன்னாள். அவர் தயங்கி நின்றார். “உடம்பு சரியில்லைன்னு சொல்லட்டுங்களாம்மா?” “உடம்பு நல்லா இருக்கு. வரலைன்னு மட்டும் சொல்லுங்க.” பத்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தது. “கடைசி நேரத்துல தம்புராவுக்கு நான் யாரைத் தேடுவேன்?” “மெஷின் விக்கிறாங்களேக்கா. எத்தனை கட்டைக்கு வேணும்னாலும் திருகலாம். வாயும் பேசாது.” அக்கா பட்டென்று போனை வைத்தாள்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. இரண்டு பேரும் பேசாமல் இல்லை. மாத்திரை, முழங்கால் வலி, தண்ணீர்க் குழாய் ரிப்பேர் என்று மாதத்துக்கு ஒருமுறை போனில் பேசிக்கொள்கிறார்கள். பாட்டைப் பற்றிப் பேசுவதில்லை. பின்பாட்டு என்று அக்கா கூப்பிடுவதும் நின்றுவிட்டது. என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், “நான்தான்” என்று பேச்சைத் தொடங்குகிறாள்.

பத்திரிகைகள் அக்காவின் குரலில் புதிய ஆழம் வந்திருப்பதாக எழுதின. போன மாதம் இவள் ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு யாருக்கும் சொல்லாமல் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். குற்றம் கண்டுபிடிக்கத்தான் போனாள், அதை அவளே ஒப்புக்கொள்வாள். மேடையில் சின்ன மெஷின் ஒன்று நாலரையில் ரீங்காரித்துக்கொண்டிருந்தது. அக்கா இரண்டரை மணி நேரம் பாடினாள். ஒரு இடத்தில்கூடச் சுருதி விலகவில்லை. நன்றாகத்தான் பாடினாள். சுமாராகப் பாடியிருந்தால்கூட மனது ஆறியிருக்கும். கூட்டம் எழுந்து தட்டியபோது இவள் கைகள் மடியிலேயே கிடந்தன. பக்கத்து இருக்கைக்காரர் திரும்பி, “என்னங்க, பிடிக்கலையா?” என்று கேட்டார்.

“பிடிக்குது” என்றாள். பையை எடுத்துக்கொண்டு, நெரிசலுக்கு முன்னால் வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.